சுங்கை சிப்புட்டின் எம்.பி.க்களை எதை வைத்து எடைபோடுவது?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்த ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம். "எங்கள் வீட்டில் எம்.பி. பேச்சை எடுத்தாலே சண்டைதான். தாத்தா துன் சம்பந்தனைத் தவிர வேறு பெயரைக் காது கொடுத்துக் கேட்கமாட்டார். அப்பா சாமிவேலு பக்கம். அக்கா டாக்டர் ஜெயக்குமாரைச் சொல்லுவாள். ஒருவர் உண்மையில் தொகுதி மக்களுக்கு என்ன செய்தார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பத்து வருஷம் உழைத்த அந்த டாக்டர் 2018இல் வைப்புத் தொகையைக்கூட இழந்தாரே, அப்படியென்றால் அந்த உழைப்புக்கு என்ன மதிப்பு? இன்னொன்று, 1960இல் தோட்டத்திலேயே பிறந்த எங்கள் அத்தை இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை)தான் வைத்திருக்கிறார். இதற்கு யாரிடம் போவது?"

தம்பி, இதற்கு நாலு வரியில் பதில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருஷம் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சேவை மையத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பாரம் எழுதிக் கொடுத்தேன். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் இல்லை.

சின்ன வயதில் அம்மாவுக்குத் துணையாக, ரப்பர்ப் பாலை எடைபோடும் பால் ஸ்டோருக்குப் போவேன். பால்வெட்டு முடிந்து எல்லாரும் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி முதலில் எடை பார்ப்பார். அதோடு விடமாட்டார். வாளியிலிருந்து கொஞ்சம் பாலை உயரமான ஒரு குவளையில் ஊற்றி, மெட்ரோலேக் என்ற அளவுகோலை அதில் மிதக்க விடுவார். அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைப் பார்த்தே பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நல்ல பாலிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மழைத் தண்ணீர் கலந்த நாளில் வாளி தளும்பும், கூலிக் கணக்கில் ஏறுவது குறைவாக இருக்கும். அம்மாவின் முகம் அன்றைக்கு வாடிப்போகும்.

எம்.பி.யின் பதிவையும் அப்படித்தான் பார்க்கிறேன். திறப்பு விழா, மாலை, பத்திரிகைப் படம், தீபாவளிக்கு அரிசி மூட்டை, இவையெல்லாம் வாளியின் எடை. அவர் ஒரு குடும்பத்துக்குச் செய்து கொடுத்த காரியம், அதே கஷ்டத்தில் இருக்கும் அடுத்த குடும்பம் யார் வாசலிலும் போய் நிற்காதபடி செய்ததா? அதுதான் உள்ளே இருக்கும் ரப்பர். உங்கள் வீட்டுச் சண்டையில் இருக்கும் மூன்று பேரையும் இந்தக் குவளையில் ஊற்றிப் பார்ப்போம்.

தாத்தாவின் ஆளிலிருந்து தொடங்குகிறேன். வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டிலேயே பிறந்தவர். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர், சுதந்திரத்துக்கு முன்பே அமைச்சர், 1974 வரை அமைச்சரவையில் இருந்தார். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல இலாகாக்களைப் பார்த்தார். ஆனால் தாத்தா அவரை நினைப்பது இந்தப் பதவிகளுக்காக இருக்காது. தோட்டத் துண்டாடல் காலத்தை உங்கள் தாத்தா கண்ணால் பார்த்திருப்பார், அதற்காகத்தான்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்களில் நிறைய பேர் தோட்டம் நடத்த வாங்கவில்லை. கூறு போட்டு விற்று லாபம் பார்க்க வாங்கினார்கள். ஒரே முதலாளியின் கையில் பெரிய தோட்டமாக இருந்தவரை லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு)க் கூரை, குடிதண்ணீர், டிஸ்பென்சரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று ஒரு நிர்வாகம் இருந்தது. அது முப்பது சில்லறை முதலாளிகள் கைக்குப் போனதும் கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்றே தெரியாத நிலை வந்தது. வேலை போனவர்கள் சட்டி பானையோடு வெளியேறினார்கள்.

சம்பந்தன் அப்போது செய்ததைக் கவனியுங்கள். அமைச்சர் என்ற முறையில் விற்பவர்களிடம் கெஞ்சிக்கொண்டு இருந்திருக்கலாம். வேலை போனவர்களுக்கு வேறு தோட்டத்தில் வேலை போடச் சொல்லி ஆளுக்கொரு கடிதம் கொடுத்திருக்கலாம். அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டும் கையிலிருந்தே பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக)ச் சேர்த்துப் பங்கு போடச் சொன்னார். விற்பனைக்கு வரும் தோட்டத்தை வெளியாள் வாங்கித் துண்டாடுவதற்குள் தொழிலாளிகளே வாங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதன் பிறகு வரிசையாகப் பல தோட்டங்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் அதன் தலைமையகக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். ஒரு நாடாளுமன்றப் பேச்சும் திறப்பு விழாவும் அறுபது வருஷம் நிற்காது, ஓர் அமைப்பு நிற்கும்.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது எடை பார்த்ததாகாது. சங்கத் தோட்டத்திலும் தொழிலாளி தொழிலாளிதான். பங்குப் பத்திரம் கைக்கு வந்தது, குடியிருக்கும் வீட்டுக்குக் கிராண்ட் (நிலப்பட்டா) வரவில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, வாழ்நாளெல்லாம் இங்கே உழைத்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர் அமைச்சரவையில் இருந்த காலம்தான் அது. கூட்டணி அரசாங்கத்துக்குள் அவரால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று வரலாறு படித்தவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். என் பார்வையில் அவருடைய பெரிய சாதனைக்கும் பெரிய இழப்புக்கும் வேர் ஒன்றுதான்: நம் சனங்களுக்கு நிலத்திலும் சரி காகிதத்திலும் சரி, சொந்தம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது.

இனி அப்பாவின் ஆள். ச. சாமிவேலு 1974 முதல் 2008 வரை, எட்டுத் தேர்தல் வென்று, 34 வருஷம் சுங்கை சிப்புட்டின் எம்.பி. 1979 முதல் ம.இ.கா. தலைவர், அதே ஆண்டு முதல் 2008 வரை அமைச்சர். குளுவாங்கில் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்து அந்த இடத்துக்கு வந்தவர் என்பதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுப்பணி இலாகாவில் அத்தனை காலம் இருந்தவர் போட்ட சாலைகளை நாம் எல்லாருமே மிதிக்கிறோம். ஆனால் சாலை அமைச்சரின் வேலை. தொகுதிக்காகவும் சமூகத்துக்காகவும் என்ன என்று கேட்டால், நான் முதலில் சொல்வது கல்வி. 1984இல் அவர் தலைமையில் தொடங்கிய எம்.ஐ.ஈ.டி. என்ற கல்வி அமைப்பின் மூலம் கடன் வாங்கிப் படித்துப் பட்டதாரியான தோட்டத்துப் பிள்ளைகள் இன்று நம் நடுவில் இருக்கிறார்கள். பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்ததும் அதே கையால்தான். இதில் ரப்பர் உண்டு. அப்பா பேசட்டும், நியாயம் இருக்கிறது.

அதே குவளையில் மைக்கா ஹோல்டிங்சையும் ஊற்றத்தான் வேண்டும். எண்பதுகளில் சமூகத்துக்கென்று தொடங்கிய முதலீட்டு நிறுவனம் அது. பல்லாயிரக்கணக்கான எளிய குடும்பங்கள், தாலியை அடகு வைத்தவர்கள் உட்பட, பணம் போட்டார்கள். எதிர்பார்த்த லாபம் வரவில்லை, போட்ட முதல் திரும்பவே கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பந்தன் கூட்டுறவு என்று கேட்டபோது தோட்ட மக்கள் கொடுத்த நம்பிக்கையைத்தான் மைக்காவுக்கும் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை உடைந்ததை நான் பண நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டமாக நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நல்ல காரியத்துக்கு "ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள்" என்று யார் கேட்டாலும் சனங்கள் பின்வாங்குகிறார்கள்.

அவர் காலத்தில் தோட்டப்புறத்தில் நடந்ததை இன்னொரு கணக்கால் காட்டுகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேம்பாட்டுக்குப் போயின. 1980ஆம் ஆண்டு ஆள்குறைப்பு விதிமுறைப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஒருவர் 25 வருஷம் வேலை செய்தார், நாள் கூலி 20 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 தடவை 20 நாள், 500 நாள். கையில் கிடைப்பது 10,000 வெள்ளி. அரசாங்கம் அன்று நிர்ணயித்த மலிவு விலை வீடு 25,000 வெள்ளி. ஐம்பது வயதில் வேலை இல்லாத ஆளுக்கு எந்த வங்கி மீதி 15,000 கடன் கொடுக்கும்? லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் லயத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. வேலை போன பிறகு அந்த மனிதன் எங்கே படுப்பான் என்று சொல்லவில்லை.

தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுப் பணமும் உள்ளே வராது. பக்கத்துக் கம்போங்குக்கு அரசாங்கம் தார் ரோடு போடும், தோட்ட கேட்டோடு ரோடு நின்றுவிடும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றுவரை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருப்பதற்கும் அடிக்காரணம் இந்த நில உரிமைதான். நாட்டின் அமைச்சரவையில் நம் பிரதிநிதி 29 வருஷம் உட்கார்ந்திருந்தும் இந்த வேலி நகரவில்லை என்பதைத்தான் 2008 மார்ச் 8 காட்டியது. அன்று அவருக்கு 72ஆவது பிறந்தநாள். 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நான் அன்று சந்தோஷப்பட்டவர்களில் ஒருவன் இல்லை. அவருக்கு ஓட்டுப் போடாத கிழவர்கள் சிலர்கூட அன்று ராத்திரி அழுததைப் பார்த்தேன். 34 வருஷ உறவு அப்படித்தான் இருக்கும்.

அவரைத் தோற்கடித்த டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ், நுரையீரல் மருத்துவர். அலைகள் என்ற அமைப்பின் மூலம் தொண்ணூறுகளிலிருந்தே தோட்ட மக்களோடு இருந்தவர். 1999இலும் 2004இலும் அதே தொகுதியில் நின்று தோற்று, மூன்றாம் முறை வென்றவர். பி.எஸ்.எம். என்ற மலேசிய சோசலிசக் கட்சிக்காரர், ஆனால் 2008இல் பி.கே.ஆர். என்ற மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றார். 2013இலும் வென்றார். அந்தக் காலத்தில் எதிர்க்கட்சி எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு கைக்கு வராது. ரோட்டு விளக்கு, பள்ளிக்கூடக் கூரை, கோயில் பந்தல் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் காசில்லை. அந்தப் பாரபட்சத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார், வழக்கு நிற்கவில்லை. வருஷா வருஷம் தன் சொத்துக் கணக்கை வெளியில் வைத்தார். இன்றைக்கும் இதைச் செய்ய எத்தனை பேர் முன்வருகிறார்கள்?

2011 ஜூலையில் அவரும் கட்சித் தோழர்கள் ஐவரும் 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய நான்கு வாரம் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. 1948 ஜூன் 16இல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. அந்த வார்த்தையைக் கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் கிழவிகளோடு வளர்ந்தவன் நான். 63 வருஷம் கழித்து அதே ஊர் எம்.பி.யை இன்னோர் அவசரகாலச் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள்.

அவருடைய பதிவில் ரப்பர் எங்கே என்றால், இரண்டு இடம் சொல்வேன். ஒன்று, மக்களவையில் அவர் எடுத்த பொருள்கள்: பூர்வகுடி மக்களின் நிலம், அரசு மருத்துவமனைகளின் நிலை, ஒப்பந்தக்காரன் மாறும்போதெல்லாம் புதுசாகச் சேர்ந்தவராகக் கணக்கிடப்படும் துப்புரவுத் தொழிலாளிகள். இவர்களில் பெரும்பாலோர் மாலை போட வரமுடியாதவர்கள். இரண்டாவது, தோட்ட வீட்டுப் பிரச்சினையில் அவரைப் போன்றவர்கள் பிடித்த பிடி. தோட்டம் கைமாறும்போது சட்டம் தொழிலாளிக்கு வீடு தரச் சொல்லவில்லை, சரி. ஆனால் விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்கு நிபந்தனை போடலாம். ஆகவே மேம்பாட்டாளர் விண்ணப்பம் போடும் நேரத்திலேயே, "அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தந்த பிறகு மாற்று" என்று கேட்க வேண்டும். புல்டோசர் வந்த பிறகு படுத்து மறித்தால் படம் பத்திரிகையில் வரும், வீடு வராது. இந்த நுணுக்கம் தெரிந்த தோட்டங்களில் ஜனங்கள் வீட்டோடு வெளியே வந்திருக்கிறார்கள். தெரியாத இடங்களில் காசோலையோடு வந்தார்கள், காசோலை ஆறு மாதத்தில் கரைந்தது.

சம்பள விஷயத்தில் யாராவது ஒருவர் தலையில் கிரீடம் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2013இல் தீபகற்பத்தில் குறைந்தபட்ச சம்பளம் 900 வெள்ளி என்று வந்தது, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. தொழிற்சங்கங்கள் பல வருஷம் கேட்டன, இயக்கங்கள் கேட்டன, இரண்டு பக்க எம்.பி.க்களும் கேட்டார்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை என்று வளர்ந்த எனக்கு, யார் கேட்டார்கள் என்பதைவிட அது சட்டமானது என்பதே பெரிது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன், எப்படித் தெரிந்துகொள்வது. வாய்ப்பேச்சு வேண்டாம், ஹன்சார்ட் இருக்கிறது. மக்களவையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மலாயில் அச்சாகி, நாடாளுமன்ற இணையதளத்தில் தேதிவாரியாகக் கிடக்கிறது. உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தொகுதியின் பெயர் இருக்கும். ஆகவே சுங்கை சிப்புட் என்று மலாய் எழுத்துக்கூட்டலில் (Sungai Siput) தேடினால் கிடைக்கும்; எம்.பி. அமைச்சராக இருந்த காலம் என்றால் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பட்ஜெட் விவாதத்தில் அரைமணி நேரம் பேசியதைப் பார்த்து மயங்காதீர்கள், அதை யாரும் எழுதிக் கொடுக்கலாம். காலையில் கேள்வி நேரத்தில் மூலக் கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்ன பிறகு ஒரு துணைக் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். அந்த இடத்தைப் பாருங்கள். பதிலில் இருக்கும் ஓட்டையைப் பிடித்துத் திருப்பிக் கேட்கிறாரா, அல்லது நன்றி சொல்லிவிட்டு வேறு ஊர்க் கதைக்குப் போகிறாரா? கோப்பைப் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று அந்த அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். நேரம் போதாமல் விடுபட்ட கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் வரும். நல்ல எம்.பி. அந்தப் பதிலைக் கோப்பில் போட்டு மூடமாட்டார். "அமைச்சரே இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று தொகுதி அலுவலகத்து ஆள் அதைக் கவுண்டருக்கு எடுத்துப் போவார்.

கவுண்டர் என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. ஒரு தாய் வந்தார். துணிக்கடைப் பை ஒன்றில் எல்லாக் காகிதமும் வைத்திருந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயது. சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று அச்சாகியிருந்தது. அப்பாவுக்குக் குடிமகனுக்குரிய நீல ஐசி, பரம்பரையாக இந்த மண். ஆனால் அம்மா பிறந்தபோது தோட்டத்தில் யாரும் பதியவில்லை, அதனால் அவருக்கு எந்த அடையாள அட்டையும் கிடையாது. கோயிலில் தாலி கட்டியதை இருவரும் பதியவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமை விஷயத்தில் அம்மாவைத்தான் தொடரும் என்பது அரசியலமைப்பு. அம்மாவிடம் ஒன்றுமில்லை, அதனால் பிள்ளையிடமும் ஒன்றுமில்லை. மேசையில் திருமணப் படத்தை எடுத்து வைத்தார். ஓரத்தில் கரையான் அரித்திருந்தது. அதற்குக் கீழே மூன்று சிபாரிசுக் கடிதங்கள், மூன்று கட்சிகளின் தலைப்புத் தாளில். மூன்றும் ஒரே மாதிரி, "பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிந்தன. எந்தக் கடிதத்திலும் எந்தச் சட்டப்பிரிவு என்று ஒரு வரி இல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கடிதம் எழுதும் எம்.பி.க்கும் கதவைத் திறக்கும் எம்.பி.க்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. இந்தத் தாயின் பிரச்சினையை அதன் முளையிலேயே கிள்ள வழி உண்டு. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவு கட்டாயம். கோயில்களிலேயே துணைப் பதிவாளரை நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாலி ஏறிய கையோடு கையெழுத்தும் விழுந்தால், அந்தக் கோயிலில் கல்யாணம் செய்யும் எந்த ஜோடியின் பிள்ளைக்கும் இந்தக் கதி வராது. தொகுதியில் இருக்கும் தோட்டக் கோயில்களில் எத்தனையில் அந்த ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டு, இல்லாத இடத்துக்குக் கொண்டுவரும் எம்.பி. யாராக இருந்தாலும் என் ஓட்டு அவருக்குத்தான். இதற்கு ஒதுக்கீடு வேண்டாம், ஆளுங்கட்சியாக இருக்கவும் வேண்டாம்.

அப்படியென்றால் 2018இல் ஏன் அப்படி நடந்தது என்கிறீர்கள். அந்தத் தேர்தலில் பி.எஸ்.எம்., பக்காத்தான் என்ற எதிர்க்கட்சிக் கூட்டணியோடு உடன்பாடு இல்லாமல் தன் சின்னத்தில் தனியாக நின்றது. நாடு முழுக்க அரசாங்கத்தையே மாற்ற வேண்டும் என்ற அலை அடித்த தேர்தல். பக்காத்தானுக்குத் தீபகற்பத்தில் ஒரே சின்னம், பி.கே.ஆரின் கண் சின்னம். பத்து வருஷம் டாக்டருக்குப் போட்ட அதே சின்னத்தைத்தான் ஜனங்கள் தேடிக் குத்தினார்கள், இந்த முறை அதில் நின்றவர் சு. கேசவன். டாக்டரின் உழைப்பை மறந்து போட்ட ஓட்டு என்று இதை நான் படிக்கவில்லை. "அவர் நல்லவர்தான், ஆனால் இந்தத் தடவை அரசாங்கம் மாறணும்" என்று என்னிடமே பலர் சொன்னார்கள். வைப்புத் தொகை போனது அந்தக் கணக்கால். 2022இல் கேசவன் ம.இ.கா. தலைவரையே வென்று தொகுதியைத் தக்கவைத்தார். அவரையும் இதே குவளையில் ஊற்றிப் பாருங்கள், ஹன்சார்ட் அவருக்கும் திறந்துதான் இருக்கிறது. ஓட்டு எண்ணிக்கையை வைத்து உழைப்பை அளந்தால், எட்டுத் தேர்தல் வென்ற சாமிவேலுவின் காலத்தில் தோட்டத்துக்காரனுக்கு வீட்டுக் கவலையே இருந்திருக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். நிலம், ஊராட்சி மன்றம் இரண்டும் மாநில அரசாங்கத்தின் கையில். எம்.பி. கோலாலம்பூரில் எவ்வளவு கத்தினாலும் கிராண்டில் கையெழுத்துப் போடுவது ஈப்போவில் இருக்கும் மாநில அரசாங்கம். எம்.பி.யும் சட்டமன்ற உறுப்பினரும் வெவ்வேறு கட்சியாக இருந்து பேச்சு வார்த்தையே இல்லாத வருஷங்களில் நல்ல எம்.பி.யின் கையும் கட்டித்தான் இருக்கும். குறை சொல்லும் முன் யாருடைய அதிகாரம் என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக அத்தை. இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், மற்றதெல்லாம் ஆறப்போட்டுப் பேசலாம். அவர் 1960இல் இங்கே பிறந்தவர் என்றால், குடியுரிமைக்கு மனுப்போட்டுக் கெஞ்ச வேண்டிய இடத்தில் அவர் இல்லை. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை மலாயா கூட்டரசில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், சட்டத்தின்படி தானாகவே குடிமகன். அரசியலமைப்பின் 14ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும் அதைத்தான் சொல்கின்றன. மலாய் மொழித் தேர்வு, காத்திருப்பு எல்லாம் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுகிறவர்களுக்கு. யாரோ எப்போதோ அத்தையைத் தப்பான வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் படுகிறது. அவர் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இங்கே, அந்த ஆண்டில் பிறந்தார் என்பது.

சூராட் பெரானாக் இருந்தால் அதன் சான்றிட்ட நகலை ஜே.பி.என். என்ற தேசியப் பதிவுத் துறையிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் தாமதப் பிறப்புப் பதிவுக்குப் போக வேண்டும். பெற்றோரின் பழைய ஐசி, தோட்ட டிஸ்பென்சரிக் குறிப்பு, செக்ரோல் என்ற தோட்டக் கூலிப் பதிவேட்டில் தாயின் பேறுகால விடுப்பு, கூடப்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம், அத்தையைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த, வயதில் மூத்த இரண்டு பேரின் சத்தியப் பிரமாணம், கிடைப்பதையெல்லாம் சேருங்கள். தாத்தா இருக்கிறாரே, அவரே முதல் சாட்சி, நாள் தள்ளாமல் இப்போதே சத்தியப் பிரமாண ஆணையரிடம் அழைத்துப் போய் எழுதி வாங்கிவிடுங்கள். கவுண்டரில் முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குடியுரிமையில் சந்தேகம் இருக்கும்போது அதைத் தீர்க்கும் சான்றிதழ் கொடுக்க 30ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. அதன் கீழ் விண்ணப்பிக்கிறோம் என்று பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். எம்.பி.யிடம் போவது அந்தக் கட்டத்தில்தான். போகும்போது சிபாரிசுக் கடிதம் கேட்காதீர்கள். 1957க்கும் 1962க்கும் இடையில் இங்கே பிறந்து இன்னும் சிவப்பு ஐசியில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் அத்தை மாதிரி இன்னும் பலருக்கு உதவும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தை முதல் வகுப்பு படித்த தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் தோட்டத்தின் பெயரும் அதில் ஒரே வரியில் இருக்கும். பள்ளி இடம் மாறியிருந்தால் பழைய பதிவேடு புதிய கட்டடத்தின் தலைமையாசிரியர் அறை அலமாரியில், பெரும்பாலும் அடித்தட்டில் இருக்கும். ஏடு உதிரும், கவனமாகப் புரட்டச் சொல்லுங்கள்.